உடனே அழிப்பதா, குப்பைத்தொட்டியில் வைப்பதா?

நாம் உருவாக்கும் இணையதளத்தில் பயனர் தான் ஏற்றிய கோப்பை நீக்கும்போது, அதை உடனே அழித்துவிடலாம். இடம் மிச்சம், நிரலும் சிறியது. ஆனால் கைதவறி அழுத்தியவருக்குக் கோப்பு போனது போனதுதான்.

இன்னொன்று, நீக்கிய நேரத்தை மட்டும் டேட்டாபேஸில் குறித்துவிட்டுக் கோப்பை மறைத்துவைப்பது. கூகுள் டிரைவும் நீக்கிய கோப்பைக் குப்பைத்தொட்டியில் 30 நாள் வைத்திருக்கிறது. என் தேர்வும் இதுதான். கோப்பைத் திறக்கும் பழைய இணைப்பை (link) மட்டும் அப்போதே முடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீக்கிய படம் இன்னும் திறக்கும். அடையாள அட்டை நகல் போன்றவற்றுக்கு 'இப்போதே அழி' பொத்தானும் அவசியம்.

எந்த வழியானாலும் சரி, கோப்பு எண் 57-ஐ நீக்கு என்று கோரிக்கை வந்தால், அது உள்நுழைந்திருப்பவருடையதுதானா என்று சர்வரிலேயே பாருங்கள். மற்றவர் கண்ணுக்கு நீக்கும் பொத்தானை மறைத்தால் மட்டும் போதாது. கோரிக்கையில் 57-ஐ 58 ஆக்க யாராலும் முடியும்.