ஏழு வருடம் வாசித்த பிறகு என் சாட்டின் கிட்டார்கள்

என் கறுப்பு கிட்டாரின் மேல் விளிம்பில், வலது முன்கை படியும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பளபளப்பு இருக்கிறது. முதல் வருடம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். இப்போது அறையின் அந்தக் கோடியிலிருந்தே தெரிகிறது. புதிதாக வாங்கியபோது சிலேட்டுப் பலகை போல மங்கலாக, கைரேகைகூடப் படியாத மாதிரி இருந்த கிட்டார் அது.

என்னிடம் இருப்பவை இரண்டு. கறுப்பு கிட்டாரின் பாடியில் (உடல் பகுதியில்) பாலியூரித்தேன் சாட்டின், அதாவது பளபளக்காத மங்கலான பூச்சு; இடது கை பிடிக்கும் கழுத்தான மேப்பிள் மர நெக்கிலும் அதே சாட்டின். இன்னொன்று மஹோகனி; மரத்தின் துளைகள் தெரியும்படி மெல்லியதாக நைட்ரோ லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) அடித்தது. கறுப்பை ஏழு வருடமாகவும் மஹோகனியை ஆறு வருடமாகவும் ஏறக்குறைய தினமும் வாசிக்கிறேன். சாட்டின் சீக்கிரம் தேய்ந்துவிடுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தேய்ந்து மரம் தெரிய வெகுகாலம் ஆகும், ஆனால் பளபளப்பாவது சில மாதங்களிலேயே தொடங்கிவிடும்.

காரணம் எளிது. சாட்டின் பூச்சில் பெரும்பாலும் மிக நுண்ணிய சிலிக்கா துகள்களைக் கலக்கிறார்கள். காய்ந்ததும் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமாக நிற்கும். விழும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால் மங்கலாகத் தெரிகிறது. நம் தோலும் சட்டைத் துணியும் நாள்தோறும் உரச உரச அந்த மேடுகள் மழுங்கிவிடுகின்றன. ஆக, பளபளக்கும் இடத்தில் பூச்சு அப்படியேதான் இருக்கிறது, மேல்பரப்பு மட்டும் வழவழப்பாகிவிட்டது. இது புரிந்த பிறகு எனக்குப் பதற்றம் போய்விட்டது.

என் கறுப்பு கிட்டாரில் முதலில் மாறியது நெக்கின் பின்புறம், அதுவும் முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட்). மூன்று மாதம்கூட ஆகவில்லை. வருடம் முடிவதற்குள் முன்கை படும் விளிம்பு. அப்புறம் பாடியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே சுண்டுவிரலை ஊன்றும் இடம், முதுகுப்பக்கத்தில் வயிறு உரசும் இடம். ஸ்ட்ராப் தோளிலிருந்து இறங்கி பாடியின் ஓரத்தில் உரசும் கோடும் லேசாகத் தெரிகிறது. கறுப்பில் இதெல்லாம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மஹோகனியில் அதே அளவு தேய்ந்திருந்தும் மரத்தின் ரேகைகள் மறைத்துவிடுகின்றன. அடர்ந்த ஒற்றை நிறத்தில் சாட்டின் வாங்குபவர்கள் இதை யோசித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் வருடம் நான் செய்த தவறைச் சொல்லியே ஆக வேண்டும். கறுப்பு பாடியில் அங்கங்கே கறை போலத் தெரிகிறதே என்று, பளபளப்பான கிட்டார்களுக்கு விற்கும் பாலிஷை எடுத்துத் தேய்த்தேன். அதில் மெழுகும் இருக்கும், மெல்ல உராய்ந்து சமமாக்கும் பொடியும் இருக்கும். மெழுகு பள்ளங்களில் போய் நிரம்பியது, பொடி மேடுகளைச் சீவியது. துணி சுழன்ற வட்டமெல்லாம் திட்டுத்திட்டாக மின்ன ஆரம்பித்தது. லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தாவைத் துணியில் நனைத்துத் துடைத்ததில் மெழுகு போனது. பொடி சீவிய இடங்கள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. (நாஃப்தா சட்டென்று தீப்பற்றும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும்.)

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். பளபளப்பு என்று நாம் நினைப்பதில் பாதி கையின் எண்ணெய்ப் பிசுக்கு. லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்தால் அந்தப் பாதி போய்விடும். மீதி இருப்பதுதான் உண்மையான தேய்மானம். ஐந்து வருடமாகப் பாடிக்கு நான் செய்வது இவ்வளவுதான்.

நெக் விஷயம் வேறு. சாட்டினை நான் விரும்பி வாங்கியதே அதன் நெக்குக்காக. கை வியர்த்தாலும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும் அந்த உணர்வு அவ்வளவு பிடிக்கும். பளபளப்பான பிறகு, கை உலர்ந்திருக்கும் நாட்களில் வித்தியாசமே தெரியாது. வியர்க்கும் நாட்களில் மட்டும் கட்டைவிரல் ஒரு கணம் பிடித்து நிற்கும். அப்படித் தொந்தரவு செய்யும்போது, சாம்பல் நிற நுண் ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்புப் பட்டையை எடுத்து, நெக்கின் நீளவாக்கில் பத்துப் பதினைந்து முறை அழுத்தாமல் இழுப்பேன். பழைய வழுக்கல் அப்படியே திரும்பிவிடும். ஏழு வருடத்தில் மூன்று முறை செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பூச்சு போகிறது என்பதால் மாதாமாதம் செய்கிற வேலையாக இதை வைத்துக்கொள்ளக் கூடாது. மேப்பிளில் பூச்சு அடியோடு போய்விட்டால் வியர்வையும் அழுக்கும் மரத்தில் இறங்கிச் சாம்பல் பூத்துவிடும். நான்கு சுழியன் (0000) எனப்படும் மிக நுண்ணிய ஸ்டீல் வூலும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதன் இரும்புத் தூள், தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்பின் காந்தங்களில் போய் ஒட்டிக்கொள்ளும், முதலில் பிக்கப் மேல் டேப் ஒட்டிவிட வேண்டும். பாடியில் மட்டும் இந்த வித்தை வேண்டாம். நெக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் அகலமான கறுப்புப் பரப்பில் வரிவரியாகத் தெரியும்.

மஹோகனியின் கதையே தனி. கிப்ஸன் கிட்டார் நிறுவனம் இன்றும் பயன்படுத்துகிற அதே வகை நைட்ரோ லாக்கர், வியர்வைக்கும் சில வகை ரப்பருக்கும் இளகிக் கொடுக்கும். ஒரு மலிவான ஸ்டாண்டில் இரண்டு மாதம் நிறுத்தி வைத்திருந்தேன். ரப்பர் பட்ட இடம் பிசுபிசுத்து, அதன் தடம் பதிந்துவிட்டது. அன்றிலிருந்து தாங்கிகளில் பருத்தித் துணி சுற்றி வைக்கிறேன். ஐந்தாம் வருடம் முன்கை விளிம்பில் பூச்சு முழுதும் போய் மரமே வந்துவிட்டது. அந்த இடம் கொஞ்சம் கறுத்து, தொட்டால் பழைய மேசை விளிம்பு மாதிரி மெத்தென்று இருக்கிறது. எனக்கு அந்தக் கிட்டாரில் மிகப் பிடித்த இடம் அதுதான். மரத் துளைகளில் தூசி சேர்வதை மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம். பாலிஷ் போட்டால் வெள்ளை வெள்ளையாக அதற்குள் போய் உறைந்துவிடும்.

அடிபடுவதைப் பொறுத்தவரை, தடித்த பாலியெஸ்டர் பூச்சு சில்லு சில்லாகப் பெயரும், என் மஹோகனியில் மரமே குழிகிறது. குழியைச் சொட்டு லாக்கரால் நிரப்பினால் அந்தப் புள்ளி மட்டும் மின்னும் என்பதால் நான் எதையும் நிரப்பவில்லை.

லாக்கரே வேண்டாம் என்பவர்களுக்கு எண்ணெய் நெக் உண்டு. மியூசிக் மேன் நிறுவனம் தன் பல மாடல்களின் நெக்கில் துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் எண்ணெயும் மெழுகும்தான் பூசுகிறது. நண்பரிடம் இருப்பதை வாசித்திருக்கிறேன். சீக்கிரம் அழுக்கேறும், ஆனால் சுத்தம் செய்து மறுபடி எண்ணெய் பூசிக்கொள்ளலாம்.

இன்னொரு கிட்டார் வாங்கினால் நெக் கண்டிப்பாக சாட்டின்தான். பாடியும் சாட்டின் என்றால் மரம் தெரிகிற மாதிரிதான் எடுப்பேன். கறுப்பு சாட்டின் மறுபடி வாங்க மாட்டேன், ஆனால் இருப்பதை விற்கவும் மாட்டேன்.