அடிக்குத் தடை: ஸ்வீடன் வழியும் நியூசிலாந்து வழியும்

பெற்றோர் பிள்ளையை அடிப்பதை 1979-இல் உலகிலேயே முதலில் தடை செய்த நாடு ஸ்வீடன். தடை இருப்பது குடும்பச் சட்டத்தில். மீறினால் அதற்கென்று தனித் தண்டனை கிடையாது. செய்தியைப் பால் பெட்டிகளில் அச்சடித்தார்கள். அடிப்பவரும் அடிவாங்குகிறவனும் ஒரே மேசையில் அமர்ந்து படித்திருப்பார்கள்! எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

நியூசிலாந்து 2007-இல் குற்றவியல் சட்டத்திலேயே கை வைத்தது. கண்டிப்புக்காக அடித்த பெற்றோரைக் காத்துவந்த 59-ஆம் பிரிவின் கேடயம் போயிற்று. அற்பமான சம்பவம் என்றால் வழக்குப் போடாமல் விட போலீசுக்கு உரிமை உண்டு. அப்படியும் கொந்தளிப்பு அடங்கவில்லை. 2009 பொதுவாக்கெடுப்பில், நல்ல கண்டிப்பின் பகுதியாக விழும் அடி குற்றமாகக் கூடாது என்று வாக்களித்தவர்கள் சுமார் 87 சதவீதம். கேள்வியிலேயே 'நல்ல' என்று எழுதிவிட்டால் வேறென்ன பதில் வரும்? அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது, சட்டமும் மாறவில்லை.