மதில் ஓரத்து மூங்கிலுக்கு நல்ல நர்சரி

மூங்கில் வாங்கப் போனால் முதலில் இடத்தின் அளவைக் கேட்கிற நர்சரியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். மதுரையில் அழகர்கோவில் சாலையில் இருக்கிறது. நான் கேட்டது, மஞ்சள் கழியில் பச்சைக் கோடு ஓடும் மூங்கில். மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நாலடிதான் என்றதும் கடைக்காரர், "அது முப்பது நாப்பது அடி போகும்மா, உங்க இடம் தாங்காது" என்று சொல்லிவிட்டு, வேலிக்கு வைக்கிற சன்ன மூங்கிலைக் காட்டினார். எட்டடியில் நுனியை வெட்டி நிறுத்தினாலும் பக்கக் கிளை விட்டு அடர்ந்துகொள்ளும். விலை கூடியதை விற்கப் பார்க்காத அந்த மனசுக்காகவே இந்தக் கடையைச் சொல்வேன்.

அப்புறம், தூரில் மண்ணை விரலால் விலக்கிக் காட்டினார். கிழங்கின் பக்கவாட்டில் வெளிர் நிறத்தில் கூரான மொட்டுகள், செதில் மூடி, மேல்நோக்கி நின்றன. இலை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் இந்த மொட்டு இல்லாத பையை எடுக்காதீர்கள். புதுக் குருத்து இதிலிருந்துதான் வரும். மூங்கில் கழி மண்ணை விட்டு வெளிவரும் பருமனோடு சரி, பிறகு பெருக்காது. தூர் வலுக்க வலுக்க அடுத்தடுத்த வருடக் குருத்துகள்தான் தடித்து வரும்.

குறை என்றால், வண்டியில் ஏற்றி அனுப்பிய விதம். படுக்கவைத்து அடுக்கியதில் இரண்டு பைகளில் இளங்குருத்தின் நுனி ஒடிந்துவிட்டது. நுனி போன குருத்து அதற்கு மேல் உயராது. மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள், வண்டிக் கூலி மட்டும் என் கையிலிருந்து போனது. பைகளில் பெயர்ச்சீட்டும் இல்லை; பல ரகம் வாங்குகிறவர்கள் அங்கேயே எழுதிக் கட்டிக்கொள்ளுங்கள்.

அவர் சொன்னபடி ஐப்பசி மழைக்கு முன்பே, மூன்றடி இடைவெளியில், மக்கிய சாணம் கலந்து நட்டேன். முதல் கோடையில் தண்ணீர் விடுவதில் அசட்டை கூடாது. தாகம் எடுத்தால் இலை நீளவாக்கில் சுருண்டுகொள்ளும். தண்ணீர் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் விரியும். மாசி, பங்குனியில் இலை மஞ்சளாகிக் கொட்டினால் பதற வேண்டாம், புது இலைக்கு வழிவிடுகிறது. அந்தச் சருகைக் கூட்டி எரிக்காமல் தூரிலேயே விடுங்கள், ஈரமும் நிற்கும், மக்கி உரமும் ஆகும். எறும்பு வரிசையாக ஏறினால் கணுவில் மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள். சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெய் எனக்குப் போதுமானதாக இருந்தது.

முதிர்ந்த கழியை அடியில் வெட்டும்போது கணுவை ஒட்டி மேலே வெட்டச் சொல்லியிருக்கிறார். இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்டினால் மிச்சக் கழி கிண்ணம் போல் மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து, கொசு முட்டையிடும்.

பை ஒன்று 250 ரூபாய். போகிறவர்கள் மதிலிலிருந்து வீடு வரை அளந்துகொண்டு போங்கள்.