பல்லில் சீழ் இருக்கும்போது வெறும் மாத்திரையோடு அனுப்பினால் கிளம்பிவிடாதீர்கள்

நான்கு மாதத்துக்கு முன்னால் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் வலி தொடங்கியது. ராத்திரி படுத்தால் விண் விண்ணென்று தெறிக்கும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். பல்லுக்குக் கீழே ஈறில் ஒரு சின்னக் கொப்புளமும் இருந்தது.

பல் டாக்டர் வாய்க்குள் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்ஃபெக்ஷன் இருக்கு, அது குறையட்டும், அப்புறம் பல்லைப் பார்க்கலாம்" என்று பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்கான அமாக்சிசிலின் எழுதினார். சின்ன வயதில் பென்சிலின் கொடுத்தபோது எனக்கு உடம்பெல்லாம் தடித்ததாக அம்மா சொல்வார் என்றேன். எந்த வயதில், எப்படித் தடித்தது, மூச்சு முட்டியதா என்று எதுவும் கேட்கவில்லை. அதை அடித்துவிட்டு, வேறு வகை ஆன்டிபயாடிக்கான கிளிண்டாமைசின் எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரே எடுக்கவில்லை. பல்லைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வலி போய்விட்டது. குணமாகிவிட்டது என்றே நம்பினேன். மாத்திரை முடிந்த பத்தாம் நாள் அதே பல்லில் மறுபடி வலி, இந்த முறை கன்னமும் வீங்கியது. திரும்பப் போனேன். அதே மாத்திரை இன்னும் ஒரு வாரத்துக்கு. "இன்னிக்கே பல்லைத் திறக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டதற்கு, "வீக்கம் இருக்கும்போது மரப்பு ஊசி பிடிக்காது" என்றார்.

இதில் பாதிதான் உண்மை. சீழ் பிடித்த இடத்திலேயே போடும் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஆனால் கீழ்த்தாடைப் பல்லுக்கு வீக்கத்தைத் தள்ளி, நரம்பு தாடை எலும்புக்குள் நுழையும் இடத்தில் ஊசி போடுவார்கள். பிறகு போன டாக்டர் எனக்கு அப்படித்தான் போட்டார்.

மாத்திரையில் வலி ஏன் அடங்கியது, ஏன் திரும்பி வந்தது என்பதையும் அவர்தான் சொன்னார். பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள கூழ் இருக்கிறது. சொத்தை அதுவரை போய்க் கூழ் செத்துவிட்டால் அங்கே ரத்த ஓட்டம் நின்றுவிடும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. வேருக்கு வெளியே பரவியதை ஆன்டிபயாடிக் கொஞ்சம் அடக்கும். உள்ளே இருக்கும் கிருமி அப்படியே இருக்கும். ரூட் கெனால் செய்ய வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும், சீழ் கட்டியிருந்தால் கீறி வெளியேற்ற வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: பல்லுக்கு உடனே சிகிச்சை செய்ய முடியும் என்றால் பெரும்பாலானவர்களுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை, காய்ச்சல், உடல் அசதி என்று தொற்று உடம்பில் பரவும் அறிகுறி இருந்தால் தேவை.

இரண்டாவது கோர்ஸின் ஐந்தாம் நாள் பேதி ஆரம்பித்தது. தண்ணீராக, ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு முறை. அடிவயிறு முறுக்கி எடுத்தது, காய்ச்சலும் வந்தது. பல் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "ஆன்டிபயாடிக்னா வயிறு கலங்கத்தான் செய்யும், பேதியை நிறுத்த ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு கோர்ஸை முடிங்க" என்றார்கள். இந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் பொது மருத்துவர் மலப் பரிசோதனை செய்து பார்த்ததில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியின் தொற்று என்று தெரிந்தது. குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை ஆன்டிபயாடிக் அழித்துவிட, அந்த இடத்தில் இது பெருகி, நஞ்சை வெளியிட்டுப் பெருங்குடலைப் புண்ணாக்கும். எந்த ஆன்டிபயாடிக்கிலும் வரலாம் என்றாலும் கிளிண்டாமைசினில் அபாயம் அதிகம். அமெரிக்காவில் அந்த மருந்தின் விவரத்தாளில் இதுதான் கட்டம் கட்டிய எச்சரிக்கை. இப்படிப்பட்ட பேதியை மாத்திரை போட்டு அடக்கக் கூடாது, நஞ்சு உள்ளேயே தங்கிவிடும் என்றார் அவர். கிளிண்டாமைசினை நிறுத்திவிட்டு, இந்தக் கிருமியைக் கொல்லும் வான்கோமைசினை வாய்வழியாகப் பத்து நாள் கொடுத்தார். மாத்திரை முடித்துப் பல வாரம் கழித்தும் இது வரலாம் என்பதால், ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் நாளுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

வயிறு சரியானதும் வேறொரு பல் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பு வட்டம் தெளிவாகத் தெரிந்தது. அன்றே பல்லைத் திறந்து சீழை வெளியேற்றினார். மாத்திரை எதுவும் இல்லாமல் அன்று ராத்திரி தூங்கினேன்.

போன மாதம் ஒவ்வாமைப் பரிசோதனையும் செய்துகொண்டேன். எனக்குப் பென்சிலின் ஒவ்வாமையே இல்லை! அப்படி நம்பிக்கொண்டிருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் இருக்காதாம். ஆனால் மாத்திரை போட்டதும் மூச்சு முட்டியவர்கள், முகம் வீங்கியவர்கள் தாங்களாகச் சோதித்துப் பார்க்கவே கூடாது.

இன்னொன்று, பல்லுக்கு அடிக்கடி எழுதும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் பற்றி. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

இதைப் படித்துவிட்டு, எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை யாரும் தானாக நிறுத்த வேண்டாம். சிலருக்கு அது உயிர் காக்கும். தாடைக்கு அடியிலோ கண்ணை நோக்கியோ வீக்கம் பரவினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், பல் டாக்டரின் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.