தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்: வாசகரை ஏமாற்றாத குச்சி மனிதர்கள்

இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் மாயாஜாலச் சித்திரக்கதைகளில் எதை முதலில் எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் தயங்காமல் சொல்லும் பெயர் 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்'. ரிச் பர்லூ என்ற அமெரிக்கர் 2003 செப்டம்பரில் இதைத் தொடங்கினார். எழுத்தும் படமும் அவருடையவையே. பக்க எண் 1,300-ஐத் தாண்டிவிட்டது. கதை இன்னும் முடியவில்லை. ஏழு பாகங்களில் முடியும் என்று அவரே அறிவித்திருக்கிறார். இப்போது நடப்பது ஏழாவது.

முதல் பக்கத்தைப் பார்த்ததுமே பலர் மூடிவிடுகிறார்கள். வட்டமாக ஒரு தலை, கோடாகக் கைகள், கோடாகக் கால்கள். பள்ளிக்கூட நோட்டின் ஓரத்தில் கிறுக்கியதைப் போன்ற இந்த உருவங்கள் என்ன பெரிய கதை சொல்லிவிடும் என்று தோன்றுவது இயல்புதான். அவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, இன்னும் கொஞ்சம் படியுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கதையின் அடிப்படை எளிது. ராய் ஒரு வாள்வீரன். தன் குருவைக் கொன்ற ஸைக்கான் என்ற மந்திரவாதியைப் பழிவாங்குவதாக ராயின் தந்தை சபதம் செய்து, பாதியில் கைவிட்டுவிட்டார். ஸைக்கான் இப்போது செத்தும் சாகாத எலும்புக்கூடு. சபதம் நிறைவேறாததால் இறந்த தந்தையின் ஆவிக்குச் சொர்க்கத்தில் இடமில்லை. பாரம் மகன் தலையில் விழுகிறது. ராய் ஒரு குழுவைச் சேர்க்கிறான். பொன்னாசை பிடித்த திருடி ஹேலி, வெள்ளந்தியான பாணன் ஈலன், குள்ளர் இனத்துப் பூசாரி டர்கன், கத்தியை எடுத்தால் கீழே வைக்காத குட்டையன் பெல்கர், கர்வமே உருவான, எல்ஃப் என்ற மாய இனத்து மந்திரவாதி வார்சூவியஸ். வார்சூவியஸ் ஆணா பெண்ணா என்பதைக் கதை இதுவரை சொல்லவில்லை.

இவர்கள் வாழும் உலகம், ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் விதிகளால் இயங்குகிறது. அதைவிட முக்கியம், இவர்களுக்கே அது தெரியும். அந்த விளையாட்டு 2003-இல் புதிய பதிப்புக்கு மாறியபோது, கதையின் முதல் பக்கத்திலேயே இவர்கள் உலகத்தின் விதிகளும் மாறின. அந்த விளையாட்டை ஆடாதவர்களுக்குத் தொடக்கத்தில் சில நகைச்சுவைகள் புரியாமல் போகலாம். நானும் அதை ஆடியதில்லை. கதையைத் தொடர அது தடையாக இருக்கவில்லை.

முதல் 120 பக்கங்களைத் தாண்டிப் போய்விடுங்கள், அது வெறும் விளையாட்டு விதிகளை வைத்துச் செய்த நகைச்சுவை என்று நல்லெண்ணத்தோடு அறிவுரை சொல்லும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்தப் பகுதியின் முடிவில் ஒரு கோட்டை வெடித்துச் சிதறுகிறது. வெடிக்கச் செய்பவன் ஈலன். சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். பிறகு வேறொரு நகரம் இவர்களைச் சங்கிலியால் கட்டி இழுத்துச் சென்று விசாரிக்கிறது. அந்தக் கோட்டைக்குள் இருந்தது உலகத்தைக் கட்டிக் காக்கும் ஐந்து வாயில்களில் ஒன்று. நீங்கள் அதை அழித்துவிட்டீர்கள், உலகமே ஆட்டம் கண்டிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. நாம் சிரித்த காட்சி குற்றப்பத்திரிகையாகத் திரும்பி வருகிறது. முன்பகுதியைத் தாண்டிப் போனவருக்கு இந்த அடி எப்படி விழும்?

இந்தப் படைப்பின் பெருமையாக நான் நினைப்பது இதைத்தான். பர்லூ எதையும் நம்மிடமிருந்து ஒளிப்பதில்லை. கண்ணெதிரே வைத்துவிட்டுப் போகிறார். அதனால்தான் இதன் வாசகர்கள் இவ்வளவு விவாதிக்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பது எந்தத் தொடர்கதையிலும் உண்டு. ஆனால் ஆசிரியர் நினைத்த நேரத்தில் நினைத்ததை நுழைக்கும் கதைகளில் ஊகித்து என்ன பயன்? இங்கே தடயம் இருக்கும் என்று நம்பித் தேடலாம், தேடினால் கிடைக்கும்.

குறிசொல்பவன் வரும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கிறார்கள். நான் எப்படிச் சொந்த ஊருக்குத் திரும்புவேன் என்று டர்கன் கேட்கிறான். இறந்த பிறகு என்று பதில் வருகிறது. அந்த அப்பாவி, நம் மண்ணிலேயே புதைப்பார்கள் என்று மகிழ்ந்து போகிறான். எல்லையற்ற மந்திர சக்தி எப்படிக் கிடைக்கும் என்று வார்சூவியஸ் கேட்கிறார். சரியான ஆளிடம், சரியான நேரத்தில், சரியான நான்கு சொற்களை, முற்றிலும் தவறான காரணங்களுக்காகச் சொல்லும்போது என்கிறான் குறிசொல்பவன். இந்தக் கதைக்கு மகிழ்ச்சியான முடிவு உண்டா என்று கேட்டவன் ஈலன். உண்டு, உனக்காவது உண்டு என்பது பதில். அந்த 'உனக்காவது' வாசகர்களை இன்றுவரை தூங்கவிடவில்லை.

அந்த நாளிலிருந்து வார்சூவியஸ் வாய் திறந்தபோதெல்லாம் வாசகர்கள் விரல் விட்டுச் சொற்களை எண்ணினார்கள். முன்னூறு பக்கங்கள் கழித்து அந்த நான்கு சொற்கள் வந்தன. எண்ணிக்கை சரியாக இருந்தது. காரணங்கள் தவறாகவே இருந்தன.

இனி நான் சொல்லப்போவது கதையின் பெரிய திருப்பம். தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த மூன்று பத்திகளை விட்டுவிட்டுப் படிக்கலாம்.

கதையின் முன்பகுதியில், ராயின் உடைந்த வாளைச் சரிசெய்ய அரிய உலோகம் தேடிக் காட்டுக்குள் போகும்போது ஓர் இளம் கறுப்பு டிராகன் குறுக்கிடுகிறது. வார்சூவியஸ் அதை ஒரே மந்திரத்தில் தூளாக்கிவிடுகிறார். இந்த வகைக் கதைகளில் டிராகன் என்றால் கொல்லத்தானே? யாரும் இரண்டாவது முறை யோசிக்கவில்லை. நெடுங்காலம் கழித்து அந்த டிராகனின் தாய் வருகிறாள். வார்சூவியஸின் இல்லத்தை எரிக்கிறாள், குழந்தைகளைக் கொல்வேன் என்கிறாள். ஓய்வும் உறக்கமும் இன்றி மந்திர சக்தியெல்லாம் வற்றிக் கிடக்கும் வார்சூவியஸ், மூன்று நரகவாசிகளிடம் ஒப்பந்தம் போட்டு இரவல் சக்தி வாங்குகிறார். நான்கு சொற்கள் சொல்லப்படுவது இங்கேதான்.

தாயைக் கொன்றதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. இன்னொரு டிராகன் பழிவாங்க வரக்கூடாது என்று, அவளுடைய இரத்த உறவுகள் அத்தனை பேரையும், அவர்களுடைய இரத்த உறவுகளையும் ஒரே மந்திரத்தில் அழிக்கிறார். 639-ஆம் பக்கம். குகையில் முட்டையை அடைகாக்கும் டிராகன்களும் சாகின்றன. இங்கே வாசகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். அவை தீய இனம்தானே என்றது ஒரு தரப்பு; குஞ்சு என்ன தீமை செய்தது என்றது இன்னொன்று. சில ஆண்டுகள் கழித்து, நாயகர்கள் ஒரு பாலைவனப் பிரமிடுக்குள் நுழையும்போது, ஐந்து வாயில்களில் இன்னொன்றைக் காத்துவந்த மனிதக் குடும்பம் முழுவதும் இருந்த இடத்திலேயே செத்துக் கிடக்கிறது. யார் செய்தது என்று ராய் யோசித்துக்கொண்டிருக்கிறான். வார்சூவியஸுக்கு மெல்ல மெல்லப் புரிகிறது. அந்தக் குடும்பத்தில் டிராகன் இரத்தம் கலந்திருந்தது.

வட்டமும் கோடுமாக வரைந்த அந்த முகத்தில் இரண்டு புள்ளிகள்தான் கண்கள். அந்தப் புள்ளிகளில் தெரியும் அச்சத்தை நுணுக்கமாக வரைந்த எத்தனையோ பெரிய சித்திரக்கதைகளில் நான் கண்டதில்லை. தீய இனம்தானே என்று வாதாடியவர்களுக்கு ஆசிரியர் வெளியே வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதையே சொல்லிவிட்டது.

இதே கேள்வி வில்லன் பக்கமும் ஓடுகிறது. ஸைக்கானின் கூட்டாளி ரெட்குளோக், காப்ளின் என்ற அரக்க இனத்துப் பூசாரி. பச்சைத் தோல் கொண்ட காப்ளின்களை, வீரர்கள் கொன்று, அந்த விளையாட்டில் வலிமை கூட்டும் அனுபவப் புள்ளி சேர்த்துக்கொள்வதற்காகவே தெய்வங்கள் படைத்தன என்று அவன் நம்புகிறான். தன் மக்களுக்குச் சம உரிமை வேண்டும் என்பது அவன் கோரிக்கை. கேட்டால் நியாயம். ஆனால் அதற்காக அவன் செய்திருப்பவை கொடூரம். பின்னாளில் சமரசத்துக்கு வழி வரும்போது அதை உதறித் தள்ளுகிறான். ஏற்றுக்கொண்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண் என்றாகிவிடுமே! இவனைப் பற்றி ரசிகர்கள் நடத்தும் வாதங்களைப் படித்தால், நீதி பற்றிய நல்ல நூலொன்றைப் படித்த நிறைவு எனக்கு வருகிறது. நான் அவனை வெறுக்கிறேன், அவன் கோரிக்கை வெல்ல வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

மிகோ என்ற புனித வீராங்கனையைப் பற்றியும் இப்படியே சண்டை நடக்கும். தான் செய்வதெல்லாம் தெய்வத்தின் சித்தம் என்று நம்பி, தன் தலைவரையே வெட்டிச் சாய்த்தவள் அவள். அவளுடைய கடைசிக் காட்சி என் மனத்தில் அப்படியே நிற்கிறது. நான் அவள் பக்கம் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தை எளிதில் கடக்க முடியவில்லை.

இலேசான விவாதங்களும் உண்டு. ஸைக்கானோடு எப்போதும் இருட்டில் நிற்கும் ஒரு பிராணி இருக்கிறது. இரண்டு மஞ்சள் கண்கள் மட்டும் தெரியும். குழந்தை மனம், பிரமாண்டமான பலம். காலை ஓங்கி மிதித்தால் நிலம் நடுங்குகிறது. தொடக்கக் காலம் முதல் கூடவே வரும் அது என்ன பிராணி என்று இன்றுவரை காட்டப்படவில்லை. வாசகர்கள் துப்பறிவாளர்களைப் போலத் தடயங்களை அடுக்குகிறார்கள், ஒருவர் ஊகத்தை இன்னொருவர் உடைக்கிறார். சிறைப்பட்ட ஓ-சுல் என்ற வீரன் இந்தப் பிராணியோடு நட்புக்கொள்ளும் பகுதி, மொத்தக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்தவற்றுள் ஒன்று. தன்னைச் சித்திரவதை செய்பவர்களின் கூடாரத்தில் இருக்கும் ஓர் அரக்கனை அவன் மரியாதையோடு நடத்துகிறான், அவ்வளவுதான். அதன் விளைவு எவ்வளவு பெரிதாகிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாசகர்களின் பிடிப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று. விற்றுத் தீர்ந்த அச்சுத் தொகுப்புகளை மறுபதிப்புச் செய்ய 2012 தொடக்கத்தில் பர்லூ, பொதுமக்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 57,750 டாலர் கேட்டார். 14,952 பேர் சேர்ந்து 12,54,120 டாலர் கொடுத்தார்கள். அதுவும் இணையத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைக்கும் ஒரு கதைக்கு!

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புதிய பக்கங்கள் எப்போது வரும் என்று கணிக்கவே முடியாது. சில நேரம் அடுத்தடுத்து வரும், சில நேரம் வாரக்கணக்கில் ஒன்றும் இராது. உச்சக்கட்டக் காட்சியின் நடுவே அப்படி நின்றால் பொறுமை சோதிக்கப்படுகிறது. ஐந்தாம் பாகம், பாலைவனப் பேரரசில் நடப்பது, தேவைக்கு மேல் நீளம். ஈலனின் தந்தை டார்க்வின் அங்கே வில்லன். கதைகளின் இலக்கணம் முழுவதையும் கரைத்துக் குடித்து, இது என் கதை என்று அடம்பிடிக்கும் மனிதர். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அவருக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியை மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். தொடக்கப் பகுதிகளில் பெண் கதாபாத்திரங்களை வைத்துச் செய்த சில நகைச்சுவைகள் இன்று படிக்கும்போது சுவைக்கவில்லை. பின்னாளில் ஆசிரியர் அந்த வழியை விட்டுவிட்டார் என்பது பக்கங்களிலேயே தெரிகிறது. படங்களும் அப்படியே: குச்சிக் கை கால்கள் மாறவில்லை, பின்னணியும் வண்ணமும் முகபாவமும் வெகுதூரம் வளர்ந்திருக்கின்றன.

ராய் கொஞ்ச காலம் மறுமையில் இருக்கும் பகுதியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிறுவயதில் இறந்துபோன தம்பியை அங்கே சந்திக்கிறான். ராய் வளர்ந்துவிட்டான், தம்பி குழந்தையாகவே இருக்கிறான். பெரிய வசனம் எதுவும் இல்லை, இருவரும் விளையாடுகிறார்கள். சகோதரரை இழந்தவர்கள் கொஞ்சம் தயாராகிக்கொண்டு படியுங்கள்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? நீண்ட கதையை ஊன்றிப் படிக்கவும், படித்ததைப் பற்றி வாதாடவும் விரும்பும் எவருக்கும். சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். குச்சி உருவங்கள் என்றாலும் இரத்தமும் மரணமும் நிறையவே உண்டு. எளிய ஆங்கிலம் போதும், ஆனால் டர்கனின் குள்ளர் வட்டார மொழியை வாய்விட்டுப் படித்தால்தான் சில இடங்களில் புரியும்.

வரிசை பற்றி ஒன்று. இணையப் பக்கங்களை முதலாவதிலிருந்து தொடங்குங்கள். ஸைக்கான், ரெட்குளோக் இருவரின் முன்கதையைச் சொல்லும் 'ஸ்டார்ட் ஆஃப் டார்க்னஸ்' தனி நூல், இணையத் தொடரில் இல்லை. அதை முதலில் படித்துவிடாதீர்கள். நாயகர்களை விசாரித்த அஷூர் நகரத்தில் நடக்கும் போர் முடியும்வரை காத்திருந்து எடுங்கள். அதற்குப் பிறகு ரெட்குளோக் வரும் பக்கங்களை நீங்கள் வேறு கண்களோடு படிப்பீர்கள். விவாதத்தில் சொல்லவும் உங்களிடம் ஏதேனும் இருக்கும்.