குடிவரவுத் தாள் யார் கையில்? அமெரிக்க, ஜெர்மன் வளாகங்களில் வெளிநாட்டு மாணவர் உதவி

2021-இல் என்னிடம் இரண்டு அனுமதிக் கடிதங்கள் இருந்தன. ஒன்று அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்தும், மற்றொன்று ஜெர்மனியின் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்தவை. கட்டணத்தை மட்டும் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் ஜெர்மனி என்று முடிவாகியிருக்கும். நான் அமெரிக்காவுக்குப் போனேன். இரண்டு ஆண்டுகள் கழித்து என் தம்பி ஜெர்மனிக்குப் போனான். ஆகவே அமெரிக்கப் பக்கத்தை நேரில் பட்டும், ஜெர்மன் பக்கத்தைப் பெரும்பாலும் அவனுடைய வாட்ஸ்அப் அழைப்புகள் வழியாகக் கேட்டும் எழுதுகிறேன்.

வரவேற்பு வாரம், வளாகச் சுற்று, மூத்த மாணவர் ஒருவரைத் துணையாகச் சேர்த்துவிடும் ஏற்பாடு ஆகியவை இரு நாடுகளிலும் உண்டு. முதல் மாதத்தோடு அவற்றின் பயனும் முடிந்துவிடும். மனநல ஆலோசனையைப் பற்றி உறுதியாகச் சொல்ல என்னிடம் அனுபவம் போதாது. நான் ஒரே ஒருமுறை போனேன், தம்பி போனதே இல்லை.

சோறும் கூரையும் மருத்துவமும் என்று வந்தால் ஜெர்மனிதான் மேல். அங்கே ஷ்டுடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு பல்கலைக்கழகத்திலிருந்து தனித்து இயங்குகிறது. ஒவ்வொரு பருவமும் மாணவர் கட்டும் பங்குத்தொகையில் ஒரு பகுதி அதற்குப் போய், மென்சா என்னும் உணவகத்தையும் விடுதிகளையும் தாங்குகிறது. விடுதி அறைக்குத் தம்பி இரண்டு பருவங்கள் காத்திருந்தான் என்பது உண்மைதான். கிடைத்தபின் அவன் கொடுத்த வாடகையைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. மருத்துவக் காப்பீட்டில், முப்பது வயதுவரை மாணவருக்கான சலுகைக் கட்டணத்தில் பொதுக் காப்பீட்டிலேயே அவன் சேர்ந்துகொண்டான். எனக்கோ குடல்வால் அறுவைக்குப் பிறகு, பல்கலைக்கழகம் கட்டாயமாக்கிய காப்பீடு கொடுத்தது போக மீதியைக் கட்டி முடிக்கவே நான்கு மாதங்கள் ஆயின.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அமெரிக்க அலுவலகத்தின் பக்கம் சாய்வதற்குக் காரணம் அந்த அறுவையே. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் ஒவ்வொரு பருவமும் முழுநேரப் பாடச் சுமையை எடுத்தாக வேண்டும்; எங்கள் பல்கலைக்கழகத்தில் முதுநிலைக்கு அது ஒன்பது கிரெடிட். மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரம், பேராசிரியர் மிகுந்த பரிவோடு, "ஒரு பாடத்தை விட்டுவிடு, அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம்" என்றார். இணையதளத்தில் பாடத்தின் பெயருக்கு நேரே 'நீக்கு' என்ற பொத்தான் இருந்தது. அழுத்தியிருந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஆறு கிரெடிட்டாகக் குறைந்திருக்கும், நானும் அறியாமலேயே மாணவர் தகுதியை மீறியவளாகியிருப்பேன். ஆய்வகத்திலிருந்த ஹைதராபாத் தோழி, "டிஎஸ்ஓ-வைக் கேட்காமல் எதையும் தொடாதே" என்று தடுத்தாள்.

டிஎஸ்ஓ என்பவர், வெளிநாட்டு மாணவரின் அரசுப் பதிவான செவிஸை நிர்வகிக்க அதிகாரம் பெற்ற பல்கலைக்கழக அலுவலர். நான் சந்தித்த அம்மையார் என் ஐ-20 தாளை (மாணவர் தகுதிக்குப் பல்கலைக்கழகம் தரும் சான்று) மேசையில் விரித்து, பென்சிலால் மூன்று எண்கள் இட்டார்: முதலில் மருத்துவரின் கடிதம், அடுத்து செவிஸில் தன்னுடைய அனுமதி, அதன் பிறகே பாட நீக்கம். இந்த வரிசை மாறினால், தகுதியை மீட்கக் குடிவரவுத் துறைக்கு விண்ணப்பித்து, முடிவு தெரியும்வரை காத்துக் கிடக்க வேண்டும். மருத்துவக் காரணத்துக்கான இந்தச் சலுகை ஒரு பட்டநிலைக்கு மொத்தம் பன்னிரண்டு மாதங்களுக்குத்தான் என்பதையும், ஒவ்வொரு பருவமும் புதிதாக அனுமதி பெற வேண்டும் என்பதையும் நான் கேட்காமலேயே சொன்னார். மூன்றாம் நாள் புதிய ஐ-20 வந்துவிட்டது. பின்னர், சிபிடி-யில் (படிப்பின் பகுதியாகச் செய்யும் வேலைக்கான அனுமதி) முழுநேரமாகப் பன்னிரண்டு மாதங்கள் வேலை செய்தால் அதே பட்டநிலைக்கான ஓபிடி (பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் அதே துறையில் வேலை செய்வதற்கான தற்காலிக அனுமதி) கைநழுவும் என்று எச்சரித்ததும், ஓபிடி-க்குப் பரிந்துரை பதிவான முப்பது நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்று நினைவூட்டியதும் அதே மேசைதான்.

தம்பிக்கு இப்படி ஒரு மேசை இல்லை. ஜெர்மனியில் தங்கும் அனுமதி நகர நிர்வாகத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்தின் பொறுப்பு. பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம் எந்தெந்த ஆவணங்கள் வேண்டும் என்று பட்டியல் தரும், அதற்கு மேல் அதற்கு அதிகாரம் கிடையாது. அவனுடைய அனுமதி 2025 செப்டம்பரில் முடிவடைய இருந்தது. ஜூன் மாதமே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டான். காலாவதிக்கு முன்பே விண்ணப்பித்தவரின் பழைய உரிமை முடிவு வரும்வரை தொடரும் என்பது சட்டம். ஆனால் அதைக் காட்டும் இடைக்காலச் சான்று கையில் இல்லாமல் நாட்டைவிட்டுப் போய்த் திரும்புவது சூதாட்டம். "அக்கா, இங்க யாரைக் கேட்டாலும் அடுத்த கதவைத்தான் காட்டுறாங்க" என்றான். டிசம்பரில் மதுரையில் நடந்த அத்தை மகள் கல்யாணத்தை அவன் கைப்பேசியில்தான் பார்த்தான். எல்லா ஊரும் இப்படியல்ல. ஆஹன் நகரில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் கிளையே பல்கலைக்கழக மாணவர் சேவைக் கட்டடத்தில் செயல்பட்டிருக்கிறது.

தம்பியின் எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், படிப்பு முடிந்தபின் வேலை தேடப் பதினெட்டு மாதங்கள் வரை தங்கலாம் என்று விதிகள் எளிதாக இருக்கும் நாட்டில், ஒவ்வொரு அடிக்கும் கைபிடித்து நடத்த ஆள் எதற்கு என்பது அவன் கேள்வி. கண்ணிவெடி புதைத்த நிலத்தில்தான் வழிகாட்டிக்கு மதிப்பு என்கிறான். என்னால் மறுக்க முடியவில்லை.

அந்த வழிகாட்டியின் கையும் எல்லா இடத்துக்கும் எட்டுவதில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசே ஆயிரக்கணக்கான செவிஸ் பதிவுகளை ரத்து செய்தபோது, பல பல்கலைக்கழகங்கள் கணினியைத் திறந்து பார்த்துத்தான் அதை அறிந்தன. வழக்குகள் குவிந்த பிறகு, அம்மாத இறுதியில்தான் பதிவுகளை மீட்கப்போவதாக அரசு அறிவித்தது. ஓபிடி நீட்டிப்பில் இருந்த என் பதிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த வாரங்களில், படிப்பை முடித்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த எனக்கு, அந்த அம்மையாரிடமிருந்து நான் எழுதாமலேயே ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: "இன்று காலை பார்த்தேன், உங்கள் பதிவு செயலில் உள்ளது."

இன்று தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திடம், ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர் என்றும், மின்னஞ்சலுக்கு எத்தனை நாளில் பதில் வரும் என்றும் கேளுங்கள். ஜெர்மனியென்றால் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, அந்த நகரில் இப்போது படிக்கும் மாணவரிடம், அனுமதியை நீட்டிக்கக் கடைசியாக அவருக்கு எத்தனை மாதங்கள் ஆயின என்று விசாரியுங்கள்.