சுருள்பாசி வளர்ப்புப் பெட்டி: பாசிக்காக வாங்கலாம், விளக்குக்காக வேண்டாம்

மீன்களுக்கு வீட்டிலேயே சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர்க்க 'எல்லாம் அடங்கிய' பெட்டி என்று விற்கிறார்கள். ஒரு பாட்டில் உயிர்ப்பாசி, ஊட்டப்பொடி, சின்ன ஏர் பம்ப், எல்இடி விளக்கு, பிஹெச் (நீரின் அமில, காரத் தன்மை) பார்க்கும் தாள், வடிகட்டும் துணி, நுனியில் வெள்ளை வட்டு வைத்த ஒரு குச்சி. அவ்வளவுதான் எல்லாம்.

பாசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கரும்பச்சை, அழுகல் வாடை கிடையாது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் நூல் நூலாகத் தெரிகிறது. ஆனால் கூட வந்த துண்டுத்தாளை நம்ப வேண்டாம். மொத்தத் தண்ணீரிலும் ஒரேயடியாகக் கலந்து வெயிலில் வைக்கச் சொல்கிறது. நீர்த்துப்போன பாசிமேல் நேர் வெயில் பட்டால் வெளுத்துச் செத்துவிடும். நிழலில் தொடங்கி, பச்சை ஏற ஏறத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போவதுதான் சரி.

விளக்கு வெறும் அலங்காரம். சுருள்பாசிக்கு நல்ல வெளிச்சமும் 30 முதல் 35 டிகிரி வரை சூடும் வேண்டும். இது இரண்டையும் தராது. ஜன்னலோரம் இதைவிட மேல்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குச்சி. தண்ணீருக்குள் இறக்கினால் வெள்ளை வட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்கலாம். மூன்று சென்டிமீட்டருக்குள் மறைந்தால் அறுவடைக்கு ரெடி. மூன்றில் ஒரு பங்கை மட்டும் துணியில் வடித்து, வடிந்த நீரைப் பாசி வளரும் நீரிலேயே திரும்ப ஊற்றிவிடலாம். துணியில் அரைத்த மருதாணி மாதிரி ஒரு விழுது நிற்கும். பத்து லிட்டருக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் தேறினாலே பெரிசு.

அந்த விழுதை நல்ல தண்ணீரில் அலசாமல் மீன்தொட்டியில் போடவே கூடாது. தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, எனக்குக் கோபமே வந்தது. சுருள்பாசி வளரும் நீரின் பிஹெச் 9, 10 என்று நிற்கும். அது தொட்டியில் கலந்து பிஹெச் ஏறினால், அங்கே இருக்கும் அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும்.

அலசிய விழுதைத் தட்டையான கல்லில் பூசிச் சற்று உலரவிட்டு இறக்கினால், பாசி மேயும் பிளெக்கோ மீன் இரவெல்லாம் அதிலேயே ஒட்டிக்கிடக்கிறது. மோலி மீன்கள் பகலில் கொத்தித் தீர்த்துவிடுகின்றன. கப்பிக் குஞ்சுகளுக்கு ஒரு துளியைக் கரைத்து விட்டால் போதும். மிச்சத்தைச் சின்னத் துண்டுகளாக ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். புழு பூச்சி தின்னும் மீன்கள் மட்டும் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பாடு தேவையே இல்லை.

அப்புறம் ஊட்டப்பொடி. பாக்கெட்டில் என்ன கலந்திருக்கிறது என்று போடவில்லை, தீர்ந்தால் அவர்களிடமே வாங்க வேண்டுமாம். சுருள்பாசி வளர்க்கும் சாரூக் ஊடகம் என்ற பழைய ஊட்டக் கலவையில் லிட்டருக்கு 16.8 கிராம் சமையல் சோடாவும் 2.5 கிராம் சோடியம் நைட்ரேட்டும்தான் பெரும்பங்கு. பிறகு பாஸ்பேட், பொட்டாசியம், இரும்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். நான் இப்போது அதைத்தான் கலக்கிக்கொள்கிறேன், பச்சை குறையவில்லை.